தக்க நேரத்தில் தக்க நடவடிக்கை

“நம்பரைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறோம்” என்றாள் முன்வரிசையில் இருந்த பெண் நிருபர்.

கல்வித் துறை இயக்குநர் தண்ணீர் குடித்தார். குடித்த பிறகு இன்னொரு முறை குடித்தார். பள்ளிகளில் நடக்கும் அடிதடியைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டிருந்தாள். “உதவி எண் ஒன்று செயல்பட்டு வருகிறது” என்று அவர் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அப்படி ஓர் எண்ணே கிடையாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இயக்குநர். மற்றவர், கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்ற துறையின் செய்தித் தொடர்பாளர். இயக்குநர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

செய்தித் தொடர்பாளர் பதறிப்போய்த் தன் மேசைத் தொலைபேசியின் எண்ணைச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்குப் பூசணி என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லிதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை வருஷக்கணக்காகச் செய்து வருவதால் வந்த பெயர். அன்றைய அறிக்கையும் அவர் கைவண்ணமே. ஒரு பள்ளியில் இரண்டு பையன்கள் சேர்ந்து மூன்றாவது பையனின் கையை முறித்திருந்தார்கள். அதை அவர், “மாணவர்களுக்கிடையே உடல்ரீதியாக நிகழ்ந்த கருத்துப் பரிமாற்றம்” என்று எழுதிக்கொடுத்திருந்தார். இயக்குநர் அதைப் படித்தபோது யாருமே சிரிக்கவில்லை. இத்தனைக்கும் பூசணி கெட்ட மனிதர் இல்லை. கை முறிந்த பையனை நினைத்து அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறிக்கை மட்டும் அருமையாக இறங்கிவிட்டது.

மறுநாள் காலை அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் தொலைபேசி அலறியது.

“சார், என் பையன் பல்லை உடைச்சுட்டாங்க சார்.”

பூசணி ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். வைத்ததும் மறுபடி அடித்தது. ஓர் அம்மா பேசவே இல்லை, அழுதாள். ஓர் ஆசிரியர், தன்னையே நாற்காலியைத் தூக்கி அடித்துவிட்டார்கள் என்று கிசுகிசுத்தார். தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினார். தாள் நிரம்பி அடுத்த தாளுக்குப் போன நேரத்தில் இயக்குநர் வந்து நின்றார்.

“என்னய்யா எழுதறீங்க?”

“புகார் சார்.”

“எழுதாதீங்க! எழுதினாதான்யா அது புகார். எழுதலைன்னா வெறும் பேச்சு.”

“அப்ப இவங்களுக்கு என்ன சார் பதில் சொல்றது?”

“நீங்கதான் பதில் சொல்றதுல கெட்டிக்காரராச்சே.”

பூசணி கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். உதவி எண்ணுக்கு வந்தவை புகார்கள் அல்ல, பெற்றோரின் இயல்பான சந்தேகங்களே என்று அறிக்கை தயாரானது. அடுத்த கூட்டத்தில் முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

“என்ன சந்தேகம் சார்? பல்லு உடைஞ்சுதா இல்லையாங்கற சந்தேகமா?”

அதுவே மறுநாள் தலைப்புச் செய்தி. அதுவரை எண்ணைக் கேள்விப்படாதவர்களும் அன்றுமுதல் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பூசணி வீட்டுக்குப் போனபோது காது சூடாக இருந்தது.

“ஏங்க, எத்தனை தடவ போன் பண்றது? செல்லை எடுக்கவே மாட்டேங்கிறீங்க” என்றாள் மனைவி. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“ஒரு கையில ஆபீஸ் போன், இன்னொரு கையில பேனா. மூணாவது கைக்கு நான் எங்க போறது?”

அவள் மகளின் புத்தகப் பையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு பக்கத்துத் தோள்வார் தையலோடு பிய்ந்து தொங்கியது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள் பக்கத்திலேயே நின்றாள்.

“எப்படிடா கண்ணு பிஞ்சுது?”

“தள்ளினாங்கப்பா.”

“தள்ளினாங்களா, கை பட்டுச்சா?”

வேண்டுமென்று கேட்கவில்லை. அலுவலகத்தில் தினமும் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்ட கேள்வி. மகள் அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அங்கே எந்தப் பதிலுக்கு இடமிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கை பட்டுச்சுப்பா.”

பூசணிக்கு அப்பாடா என்றிருந்தது. கோப்பு கட்டுகிற சிவப்பு நாடா ஒன்று சட்டைப் பையில் கிடந்தது. அதைக்கொண்டு வாரை இறுக்கி முடிச்சுப் போட்டார். “இது அரசாங்க முடிச்சு. யாராலயும் அவிழ்க்க முடியாது” என்றார். மகள் சிரிக்கவில்லை.

அவள் உள்ளே போனதும் மனைவி குரலைத் தாழ்த்தினாள். “ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. காலையில கிளம்பறதுக்கே அழறா. நான் பேசினா, ‘உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் பூஞ்சை மனசும்மா’ன்னு எனக்கே புத்தி சொல்றாங்க. நீங்க துறையில இருக்கிறவரு. ஒரே ஒரு வார்த்தை போதும்.”

“நாளைக்கு அதான் முதல் வேலை.”

நாளை, நாளை மறுநாள் ஆனது. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் அப்பாக்களும் பூசணியின் தொலைபேசியில் பேசினார்கள். அவர் பிள்ளைக்காகப் பேச மட்டும் லைன் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருநாளும் ரிசீவரை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். துறையின் வாயே புகார் சொன்னால், பள்ளிகளில் அடிதடி உண்டென்று துறையே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? அப்படி யோசித்ததற்காக அன்று முழுவதும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்து என்ன பயன், போன் செய்யவில்லை.

தொலைபேசியின் தொல்லைக்கு இயக்குநரே வழி கண்டுபிடித்தார். “பதிவு பண்ணி வெச்சிடுங்க. யார் கூப்பிட்டாலும் அதுவே பேசட்டும். உங்க குரல்லயே பேசுங்க, கனிவா இருக்கு.”

பூசணி கதவைச் சாத்திக்கொண்டு கனிவாகப் பேசினார்: “வணக்கம். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். நமது பள்ளிகள் பாதுகாப்பானவை. அவ்வாறு இல்லையென நீங்கள் உணர்ந்தால், தக்க நேரத்தில் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். அதுவரை தைரியமாக இருங்கள்.”

எண்ணைப் பெரிதாக அச்சடித்து எல்லாப் பள்ளிச் சுவரிலும் ஒட்டினார்கள். ஜனங்கள் கூப்பிட்டார்கள், இரண்டு வரி கேட்டார்கள், ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்கள். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

“அழைப்புகள் வெகுவாகக் குறைந்துள்ளன. இது அடிதடி குறைந்ததையே காட்டுகிறது” என்று அறிவித்தார் இயக்குநர்.

அதே வாரம் வீட்டிலும் ஒரு நல்ல செய்தி காத்திருந்தது. “இப்பல்லாம் ஸ்கூலுக்குப் போக அழறதில்லைங்க. நீங்க பேசினீங்களா?” என்றாள் மனைவி. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“ம். பேசினேன்.”

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

முன்வரிசைப் பெண் விடுகிறவளா? “நானே அடிச்சுப் பார்த்தேன் சார். டேப்புதான் பேசுது. அதை ஒருத்தராவது கடைசி வரைக்கும் கேட்டிருப்பாங்களா?”

இயக்குநருக்கு ரோஷம் வந்துவிட்டது. அழைத்த எண்களை எல்லாம் தேடச் சொன்னார். பூசணி தேடினார். ஆச்சரியமாக, ஒரே ஓர் எண் இருந்தது. தினமும் பள்ளி இடைவேளை நேரத்தில் அழைப்பு வரும். பேச்சை முழுக்கக் கேட்டு, முடிந்ததும் மறுபடி அழைத்து, மறுபடி முழுக்கக் கேட்டிருந்தார்கள். ஏதோ பள்ளி அலுவலகத்து எண். எந்தப் பள்ளி என்று பூசணிக்குத் தெரியவில்லை. அவர் என்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார், தெரிவதற்கு?

“பார்த்தீங்களா, பயனாளி!” இயக்குநர் துள்ளினார். “நிருபர்கள் முன்னாலயே கூப்பிடறோம். ஸ்பீக்கர்ல போடறோம்.”

கூட்டம் கூடியது. மேசை நடுவில் பூசணியின் தொலைபேசி. பக்கத்தில் மடியில் கோப்போடு பூசணி. மணி அடித்ததும் ஒரு பெண்குரல் எடுத்தது.

“ஆபீஸ் கிளார்க் பேசறேங்க. யாரு?”

“கல்வித் துறை இயக்குநர் பேசறேன். பள்ளி பேரைச் சொல்லாதீங்கம்மா, ரகசியம் காக்கறது எங்க கொள்கை. இந்த போன்லருந்து தினமும் உதவி எண்ணைக் கூப்பிடறது யாரு?”

“உதவி எண்ணா? அதெல்லாம் யாரும் கூப்பிடறதில்லீங்களே.” குரல் பயந்தது. “ஒரு சின்னப் பொண்ணு மட்டும் இன்டர்வல்ல வந்து அவங்கப்பாகூடப் பேசும். தப்புங்களா?”

“தப்பே இல்லை! பாசமான குடும்பம்” என்றார் இயக்குநர். ஸ்பீக்கரை அணைக்க ஒரு பொத்தானை அழுத்தினார். சத்தம் இரண்டு மடங்காகியது.

“ஏன்மா தினமும் பேசுது?” என்று கத்தினாள் முன்வரிசைப் பெண்.

“அந்தப் பசங்க வாசல்லயே நிப்பானுங்கம்மா. ‘எங்கப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்’னு சொன்னா கிட்ட வர மாட்டானுங்க. அதனால மணி அடிக்கிற வரைக்கும் போனை வைக்காது. யார் தள்ளினது, யார் முடியப் பிடிச்சு இழுத்ததுன்னு எல்லாத்தையும் அவரு கிட்ட சொல்லும். பாவம், பை வாரு பிஞ்சுபோய்ச் சிவப்பு நாடாவால கட்டிட்டு வருது.”

பூசணி தன் மடியில் இருந்த கோப்பைக் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தார். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி இயக்குநர் ஜாடை காட்டினார், பிறகு வாயாலேயே சொன்னார். பூசணியின் கை எழவில்லை.

“அதுக்கு அவங்கப்பா என்னம்மா சொல்றாரு?” என்றாள் முன்வரிசைப் பெண்.

“அதாங்க எனக்கும் விளங்கல. முன்னல்லாம் செல்லுக்கு அடிச்சா எடுக்கவே மாட்டாரு, இப்ப இந்த நம்பர்ல உடனே எடுத்துடறாரு. நேத்து நானே வாங்கிக் காதுல வெச்சுப் பார்த்தேன், குரலைக் கேட்டா நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. ஆனா அந்தப் புள்ள என்ன சொல்லி அழுதாலும், ‘தக்க நேரத்தில் தக்க நடவடிக்கை’ன்னு அதையேதாங்க திருப்பித் திருப்பிச் சொல்றாரு.”