பூமி உருண்டையாகத் தேர்ச்சி பெற்ற அழுங்கு

ஒரு காட்டில் ஓர் அழுங்கு வாழ்ந்தது என்று தொடங்கினால், அழுங்கு என்றால் என்ன என்று பாதிப் பேர் கேட்பார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுவோம். உடம்பெல்லாம் செதில். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பையும் கறையானையும் நீள நாக்கால் நக்கித் தின்னும். பயந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்; புலி வந்தாலும் பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட பிராணி எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம், வாத்தியார் வேலைக்கு மட்டும் போகக்கூடாது. திருமேனி என்ற அழுங்கு அந்த வேலைக்குத்தான் போனான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவன் நன்றாகப் படித்தான். குழந்தை உளவியல் தாளில் அவன்தான் முதல். அதுவரை அவன் ஒரு குழந்தையோடும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை என்பதை அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் கற்பித்தல் பயிற்சிக்காக நாற்பது நாள் காட்டுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு. நாற்பத்திரண்டு குட்டிகள்.

முதல் நாள் உள்ளே போய் வணக்கம் சொன்னான். பின்வரிசையில் சேந்தன் என்ற மந்திக்குட்டி சிரித்தான். சிரித்தது பக்கத்தில் யாரோ ஏப்பம் விட்டதற்காக. திருமேனிக்கு அது தெரியாது. கழுத்துச் செதில் சிலிர்த்தது, அடுத்த நொடி மேசைக்குப் பக்கத்தில் ஒரு பந்து கிடந்தது. நாற்பது நிமிடம் அப்படியே. மணி அடித்து எல்லாரும் போன பிறகு பந்து பிரிந்தது. ஒன்றும் எழுதாத கரும்பலகையை ஒரு தடவை துடைத்துவிட்டு, பாடம் நடத்தி முடித்தவனைப் போல வெளியே வந்தான்.

அந்த வகுப்பின் உண்மையான ஆசிரியர் மாசிலாமணி என்ற கரடி. பயிற்சி மாணவன் வந்த நாளிலிருந்து அவர் நாவல் மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை. திருமேனி அவரிடம் போய் நடந்ததைச் சொன்னான். தனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது, போகப் போகப் பழகிவிடும் என்றார் அவர்.

"பயம் போயிடுமா சார்?"

"பயம் எங்க போகும்? பழகிடும்னு சொன்னேன்."

இந்த ஆறுதலோடு வீட்டுக்குப் போனவன், கல்லூரியில் கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துப் படித்தான். குரல் வளம், கரும்பலகைப் பயன்பாடு, மாணவர் பங்கேற்பு என்று வரிசையாகப் போனது. கடைசியில் ஒரு வரி: டிஜிட்டல் கருவிகளின் பயன்பாடு, இருபது மதிப்பெண்.

திருமேனியின் சின்னக் கண் பெரிதானது. கருவி பாடம் நடத்தினால் குட்டிகள் திரையைப் பார்ப்பார்கள். திரையைப் பார்ப்பவர்கள் தன்னைப் பார்க்க மாட்டார்கள். தன்னை யாரும் பார்க்காவிட்டால் தான் சுருள வேண்டியதில்லை. அவனுடைய தொழில்நுட்ப ஆர்வம் முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கும். மறுநாள் தலைமையாசிரியையிடம் பேசும்போது மட்டும் அதற்கு 'மாணவரை மையப்படுத்திய அணுகுமுறை' என்று பெயர் வைத்தான்.

முதலில் ஒரு வினாடி வினா செயலி. டேப்லெட்டில் அவனுடைய நகம் பட்டால் திரை அசையவில்லை. நாக்கு பட்டால் வேலை செய்தது. அதனால் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டேப்லெட்டை நக்கினான். குட்டிகள் அவரவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்றது செயலி. சேந்தன் 'காட்டு ராஜா' என்று பதிந்தான். ஒரு காட்டுப்பன்றிக் குட்டியும் 'காட்டு ராஜா' என்று பதிந்தது. யார் ராஜா என்பதில் அடிதடி வந்து, கேள்வி வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்து, பாடத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் ஒரு செயலி. அது அருமையாக வாசித்தது, 'ழ' மட்டும் வராது. மழை பெய்தால் மரம் தழைக்கும் என்ற வரியை 'மளை பெய்தால் மரம் தளைக்கும்' என்றது. குட்டிகளுக்கு அது பிடித்துப்போனது. மூன்றே நாளில் பள்ளி முழுக்க மளை, பளம், வாளைப்பளம். தலைமையாசிரியை செங்கமலம் ஒரு மிளா, பெரிய மான் இனம். தமிழில் முதுகலை படித்தவர். அவர் திருமேனியைக் கூப்பிட்டு ஒன்றும் திட்டவில்லை. அவனுடைய இனத்தின் பெயரை ஒருமுறை சொல்லச் சொன்னார். "அளுங்கு" என்று வந்தது. அவனுக்கும் தொற்றியிருந்தது.

இதற்குள் முப்பது நாள் ஓடிவிட்டது. கல்லூரியிலிருந்து மதிப்பீட்டுக்கு வரப்போகிறவர் பேராசிரியர் நீலமேகம் என்று தெரிந்தது. அவர் மரங்கொத்தி. பேனா பிடிக்க மாட்டார். படிவத்தில் அலகாலேயே கொத்திக் குறி போடுவார். ஒரு தடவை கொத்தினால் அழிக்க முடியாது. அன்றைய மதிப்பெண் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

பாடம், இரவும் பகலும் எப்படி வருகின்றன என்பது. திருமேனி ஒரு வாரம் உட்கார்ந்து முப்பத்தொரு ஸ்லைடு தயாரித்தான். நீல நிறத்தில் பூமி சுற்றும், மஞ்சளாகச் சூரியன் எரியும், பின்னணியில் புல்லாங்குழல். அவன் பேச வேண்டிய இடம் இரண்டே இரண்டு: வணக்கம், நன்றி. பள்ளியில் ஒரு ஸ்மார்ட் போர்டு இருந்தது. திறப்பு விழாவில் பொட்டு வைத்த பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியை தயங்கினார். அவன் மூன்று தடவை கடிதம் எழுதிக் கேட்டு, பாஸ்வேர்டை வாங்கினான்.

அந்த நாள் வந்தது. நீலமேகம் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கட்டையில் கால் பதித்து உட்கார்ந்தார். குட்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. திருமேனி வணக்கம் சொல்லிவிட்டு போர்டை நக்கினான். திரை நீலமானது. பூமி வரவில்லை. ஒரு வரி வந்தது: 'புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம். 3 சதவீதம்.'

திறப்பு விழாவிலிருந்து சேர்ந்த பாக்கி எல்லாவற்றையும் அது அன்றைக்குத்தான் முடித்துக்கொள்ள நினைத்தது. ஐந்து நிமிடம் போயிற்று. 4 சதவீதம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவனைப் பார்த்தன. நாற்பத்திரண்டு ஜோடி, அதற்கப்புறம் பின்னால் ஒரு ஜோடி.

"குழந்தைகளே, பூமி..." என்றான். "பூமி என்பது..." என்றான். அப்புறம் பந்தாகிவிட்டான்.

உள்ளே இருட்டு. தன் மூச்சும் தன் வயிற்றின் சத்தமும். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மா ஊர்ப் புற்றெல்லாம் ஏறி இறங்கி எல்லாரிடமும் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது யாரோ அவனை உருட்டினார்கள். சேந்தனாகத்தான் இருக்கும். உருண்டுபோய் ஜன்னலடி வெயிலில் நின்றான். முதுகு சுட்டது.

"இந்தப் பக்கம் வெயில் படுது. அந்தப் பக்கம் இருட்டா இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. முன்வரிசையில் உட்காரும் இளமதி என்ற சருகுமான் குட்டி அது. வருகைப் பதிவின்போதுகூட வாய் திறக்காமல் காதை மட்டும் ஆட்டும். இப்போது அது எழுந்து வந்து அவன் முதுகில் ஒரு செதிலைத் தொட்டது. இதுதான் நம்ம காடு, இப்ப இங்க பகல், மெதுவா உருட்டு என்றது. சேந்தன் உருட்டினான். சூடு முதுகிலிருந்து விலாவுக்கு நகர்ந்தது. நம்ம காடு இருட்டுக்குப் போயிடுச்சு, எல்லாரும் தூங்குங்க என்றது. நாற்பது குட்டிகள் குறட்டை விடுவதுபோல நடித்தன. ஆளுக்கு ஒரு முறை உருட்ட வேண்டும் என்று வரிசையில் நின்றன.

உள்ளே திருமேனி தவித்துக்கொண்டிருந்தான். அவர்கள் அவனைத் தப்பான திசையில் உருட்டினார்கள். இப்படிச் சுற்றினால் சூரியன் மேற்கே உதிக்கும். வெளியே வந்து திருத்த வேண்டும். ஆனால் வெளியே வந்தால் இந்தக் குட்டி மறுபடி வாயை மூடிக்கொள்ளும். தலையை ஓர் அங்குலம் நீட்டினான். உள்ளே இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான். அதற்குள் இளமதியே சொன்னது:

"இரு, இரு. இப்படி உருட்டுனா சூரியன் மறையுற மலைப்பக்கம்ல விடியும்? திருப்பி உருட்டு."

உள்ளே இருந்தபடியே அவன் அழுதான். சந்தோஷத்தாலா, தான் தேவைப்படாமல் போனதாலா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கடைசி வரை வெளியே வரவில்லை. பின்னால் அலகு கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. டிஜிட்டல் கருவிகளின் பயன்பாடு என்ற வரியில் இருபதுக்கு இருபது. பக்கத்தில் குறிப்பு: 'முப்பரிமாண உருண்டை. தொட்டால் இயங்குகிறது. மின்சாரம் வேண்டாம். காட்டிலேயே இவ்வளவு நல்ல கருவியை இதுவரை கண்டதில்லை.' மாணவர் பங்கேற்புக்கும் முழு மதிப்பெண். ஆசிரியர் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: 'வகுப்பில் காணப்படவில்லை.' மொத்தத்தில் தேர்ச்சி இல்லை.

திருமேனி கல்லூரிக்கு ஓடினான்.

"ஐயா, அந்த உருண்டை நான்தான்."

நீலமேகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். படிவத்தையும் பார்த்தார். "அப்படின்னா கருவிக்குப் போட்ட இருபதை எடுக்கணும். நீ அப்ப சுருண்டு கிடந்ததால ஆசிரியரும் இல்லை. கருவியும் இல்லை, ஆசிரியரும் இல்லைன்னு ஆயிடும். யோசிச்சுக்கோப்பா. இந்த இருபதாவது இருக்கட்டுமே."

அவன் யோசித்தான். இருக்கட்டும் என்று விட்டான்.

கல்லூரியின் அறிக்கை பள்ளிக்கும் போயிருந்தது. செங்கமலம் டீச்சர் அதைப் படித்துவிட்டு இருப்புப் பதிவேட்டை எடுத்து, 'பூமி உருண்டை, செதில் வகை, ஒன்று' என்று எழுதினார். திருமேனி மெல்ல மறுத்தான். அவர் கோபப்படவில்லை. அடுத்த மதிப்பீடு வரைக்கும் ஒரு வருஷம் எங்கே இருக்கப் போகிறாய், பள்ளியில் இருக்கலாமே, மழைக்கு ஒதுங்க இடமும் பின்பக்கம் ஒரு கறையான் புற்றும் உண்டு என்றார். அது நியாயமாகப் பட்டது.

அந்த ஒரு வருஷம் அவன் பிரம்பு வளையத்தின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருந்தான். மூன்று வகுப்புகளுக்கு அவனை உருட்டிக்கொண்டு போவார்கள். செதிலுக்குள் இருந்தபடி அவன் எல்லாவற்றையும் கேட்டான். எந்தக் குட்டி புரியாவிட்டால் இருமும், எது பசித்தால் சண்டைக்குப் போகும், எது தெரிந்த பதிலையும் சொல்லாமல் விழுங்கும் என்று குரலை வைத்தே கண்டுபிடித்தான். மாசிலாமணி சாரே ஒருநாள் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினார். நடுவில் அவர் குரல் நடுங்கியதையும் கேட்டான். இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ள குரல்.

அடுத்த வருஷம் மறுபடி மதிப்பீடு. அதே பாடம், அதே மரங்கொத்தி. கருவி வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது புது விதி. பள்ளியில் இருந்த ஒரே பூமி உருண்டை திருமேனிதான். அதனால் தன்னைத் தனக்கு இரவல் தரும்படி விண்ணப்பம் எழுதினான். 'மேற்படி கருவியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்போது 'நல்ல நிலையில்' என்பதைப் படித்துச் சற்று நேரம் தயங்கினான். பிறகு போட்டான்.

வகுப்புக்குள் நுழைந்தபோது என்ன செய்வதென்று அவன் முடிவு செய்திருக்கவில்லை. சுருண்டால் கருவிக்கு இருபது நிச்சயம். ஆசிரியர் காணாமல் போவார். நின்றால் ஆசிரியர் இருப்பார். கருவி காணாமல் போகும். இரண்டுமாக இருக்க ஓர் உடம்புக்கு வழியில்லை. வணக்கம் சொன்னான். பின்வரிசையில் ஒரு சிரிப்பு வந்தது. கழுத்துச் செதில் சிலிர்த்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். ஒரு நரிக்குட்டியின் சிரிப்பு; அது நான்காம் வகுப்பில் இருந்தபோதே கேட்டிருக்கிறான். பாடம் புரியாதோ என்று பயந்தால் அது சிரிக்கும். கேலியாக ஒருபோதும் சிரித்ததில்லை.

"உனக்குப் புரியாமப் போயிடுமோன்னு பயமா?" என்று கேட்டான். நரிக்குட்டி தலையாட்டியது. "எனக்கும் பயம்தான். வா, சேர்ந்து பாப்போம்" என்றான்.

சுண்ணாம்புக் கட்டியால் கோணலாக ஒரு வட்டம் போட்டான். நாற்பது நிமிடம் நின்றபடி பேசினான். நடுவில் ஒரு தடவை கிழக்கையும் மேற்கையும் மாற்றிச் சொன்னான். மூன்று குட்டிகள் ஒரே நேரத்தில் திருத்தின. மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. திருமேனி வெளியே வந்து நாவல் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவன் நேராக நின்றதில்லை.

முடிவு வந்தது. குரல் வளம் எட்டு, கரும்பலகை ஐந்து, ஆசிரியர் வகுப்பில் இருந்தார். டிஜிட்டல் கருவி: பூஜ்யம். 'பள்ளியில் மிகச் சிறந்த கருவி இருந்தும் ஆசிரியர் அதை வகுப்புக்குக் கொண்டுவரவில்லை.' தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அவன் பெற்றது நாற்பத்தெட்டு.

அதே தபாலில் பள்ளியிலிருந்து இன்னொரு கடிதமும் இருந்தது. தங்கள் பெயரில் இரவல் பெறப்பட்ட பூமி உருண்டை ஒன்று இதுவரை திருப்பி ஒப்படைக்கப்படவில்லை, அது எங்கே போனது என்று மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று செங்கமலம் டீச்சர் கையெழுத்திட்டிருந்தார்.

திருமேனி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதினான். 'ஐயா/அம்மா' என்று எழுதி 'ஐயா'வை அடித்தான். பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல், முதுகை நேராக வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நீதி: தன்னைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறவர்கள், காணாமல் போன அரசு உடைமைக்கு விளக்கம் எழுதவும் தயாராக இருக்க வேண்டும்.