சம்பளமே இல்லாத இரண்டாவது வேலை

வளைகுடாவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே எதை வேண்டுமானாலும் ஒருவரை நம்பவைத்துவிடலாம். சம்பளம் வாங்காமல் ஒரு வேலை செய்கிறேன் என்பதை மட்டும் நம்பவைக்க முடியாது. ஊரை விட்டு, உறவை விட்டு, நாற்பத்தெட்டு டிகிரி வெயிலுக்கு வந்தவன் சும்மா உழைக்கிறேன் என்றால், ஒன்று பொய் சொல்கிறான், இல்லையென்றால் அந்த வெயில் அவன் தலைக்குள் இறங்கிவிட்டது.

எனக்கு இறங்கித்தான் இருந்தது.

நான் அமீரகத்தின் புஜைராவில் ஓர் எண்ணெய்க் கிடங்கு நிறுவனத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்கிவைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. (பெயரைக் கேட்டால் ஏதோ உளவுத்துறை மாதிரி இருக்கும். ஊரில் நானும் மறுத்ததில்லை.) ஒருநாள் சாயங்காலம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்தத் தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைத் தேடினேன். தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கடற்கரை ஊருக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: "இது ஒரு சிற்றூர்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, 'வரலாறு' என்று தலைப்புப் போட்டு, 'பண்டைக்காலம் முதலே கடல் கடந்து புகழ்பெற்ற துறை' என்று ஆரம்பித்து, ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன்.

மறுநாள் பார்த்தால் பழைய ஒரு வரிதான் இருந்தது. அழித்தவர் சவுதியின் தம்மாமில் வேலை பார்க்கும் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் அக்கா. அவரும் என்னைப் போலச் சம்பளமில்லாத ஆள்தான். டியூட்டி முடிந்து வந்து, மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பார். கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் உரையாடல் பக்கத்தில் என்னைக் கேட்டிருந்தார்.

"எந்தக் காலம்? எந்தக் கடல்? யார் சொன்னது?"

"எங்க மாமா சொன்னார்" என்று எழுதினேன்.

"மாமா எந்தப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறார், தம்பி?"

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. நான் எழுதுவேன், அக்கா வெட்டுவார். நான் பழைய நூல்களைத் தேடி ஆதாரத்தோடு மறுபடி எழுதுவேன், அக்கா பாதியை வெட்டுவார். அந்த வீம்பிலேயே சுற்றுவட்டாரத்தில் முப்பது ஊர்களுக்கு வரலாறு சேர்ந்துவிட்டது. அக்காவை நான் மனதுக்குள் திட்டாத நாளே கிடையாது.

வினை பார்சலில் வந்தது. நிறையப் பங்களித்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு பாராட்டுச் சான்றிதழும் டி-ஷர்ட்டும் அனுப்பினார்கள். இங்கே வீட்டுக்குத் தபால் வருகிற வழக்கம் கிடையாது. எல்லாம் கம்பெனியின் அஞ்சல் பெட்டிக்குத்தான் வரும், கம்பெனிதான் பிரிக்கும். நானும் பெருமையாகக் கம்பெனி முகவரியைக் கொடுத்திருந்தேன். (பிரிக்கிறவர்கள் பார்த்து வியக்கட்டுமே என்ற நல்லெண்ணம்.)

வியந்தார்கள். ஒரு காலை எட்டரை மணிக்கு எச்.ஆர். மேனேஜர் பத்மா மேடம் கூப்பிட்டனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆபத்து கூடக் கூட மரியாதையும் கூடும், அவ்வளவுதான்.

"உட்காருங்க சேவியர். வேற கம்பெனில ரெண்டு வருஷமா வேலை பாக்கறீங்களாட்ட இருக்குதுங்களே?"

மேசைமேல் சான்றிதழ் இருந்தது. 'இரண்டாண்டு அயராத உழைப்புக்காக' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அது கம்பெனி இல்ல மேடம். சும்மா ஊர்களோட வரலாறு எழுதுவேன்."

"யூனிஃபார்மெல்லாம் குடுத்திருக்கறாங்களேங்க." டி-ஷர்ட்டை விரித்துக் காட்டினார். நெஞ்சில் முத்திரை, கூடவே என் அளவும் சரியாக இருந்தது. "சம்பளம் எவ்வளவுங்க?"

"மாஃபி மேடம். ஒண்ணுமே கிடையாது."

"அப்பறம் எதுக்குங்க எழுதறீங்க?"

பதில் இருந்தது. சொன்னால் நம்பும்படி இல்லை. அனுமதி வாங்காமல் வெளியில் வேலை பார்ப்பது இங்கே விளையாட்டு இல்லை. விசா ரத்தாகும். மனைவி, மகள் இருவரின் விசாவும் என் விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மகளுக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. "அஞ்சு நிமிஷம் மேடம்" என்று வெளியே வந்து மனைவி ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்றாள். "ஊரு ஊரா வரலாறு எழுதுதேன் எழுதுதேன்னிய, இப்ப நம்ம வரலாறுல்லா முடியப் போவுது! பெட்டிய எறக்கவா?"

திரும்பிப் போய், என் பங்களிப்புப் பட்டியலையே மேடத்தின் கணினியில் திறந்து காட்டினேன். எந்த ஊர்க் கட்டுரையில், என்ன தேதியில், எத்தனை மணிக்கு, எதைச் சேர்த்தேன் என்று வரி வரியாக அதில் இருக்கும். மேடம் அதைப் பார்த்துவிட்டு உரையாடல் பக்கத்துக்குப் போனார். எங்கள் ஊர் மாதா கோயில் எந்தக் கல்லில் கட்டியது என்பது பற்றி எனக்கும் தம்மாம் அக்காவுக்கும் நடந்த நாற்பத்து மூன்று பதில்களையும் சத்தமாகவே படித்தார். 'தம்பி, கற்பனையைக் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று அக்கா எழுதியதைப் படிக்கும்போது குரல் லேசாக ஆடியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நம்பறனுங்க. காசு வாங்கிட்டு யாராச்சும் இத்தனை திட்டு வாங்குவாங்களா? எப்பவோ ரிசைன் பண்ணிருப்பீங்க."

அந்த நிமிடம் தம்மாம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். அக்கா மட்டும் நல்ல மாதிரியாக இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கு என் கதை கலாஸ்.

"காலைல ஆறே காலுக்கே எந்திரிச்சு எழுதறீங்களாட்ட இருக்குதே, நல்ல பழக்கமுங்க" என்றார் மேடம், பட்டியலைப் பார்த்து.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். "சின்ன வயசுப் பழக்கம் மேடம்."

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் மேடத்தின் விரல் கீழே இறங்கியது.

"ஆனா இது மத்தியானம் ரெண்டு நாப்பதுங்க. இது மூணே கால். டியூட்டி அஞ்சு வரைக்குமுங்களே?"

எனக்குக் குஷியே வந்துவிட்டது, இதற்குத்தான் கைவசம் பதில் இருந்ததே! "அது நம்ம மணி இல்ல மேடம்! அந்தத் தளத்துல காட்டுறது லண்டன் பக்கத்து மணி. நம்மளவிட நாலு மணி நேரம் பின்னாடி. நாலு கூட்டிப் பாருங்க. ரெண்டு நாப்பதுன்னா நமக்கு ஆறு நாப்பது. நான் வீட்டுக்குப் போய், காப்பி குடிச்சிட்டு எழுதினது!"

மேடம் பென்சிலை எடுத்து நிதானமாகக் கூட்டினார். "ஆமாங்க. ஆறு நாப்பது. இது ஏழே கால். சரியா இருக்குதுங்க." பிறகு பென்சில் மேலே போய் நின்றது.

"அப்ப இந்த ஆறே கால்...?"

நானும் மனதுக்குள் நாலு கூட்டினேன். அது பத்தே கால். டியூட்டி நேரம். வரைபட அலமாரிக்குப் பின்னால் நின்று போனில் தட்டியது. ஒன்று இல்லை, பதினொன்று.

"டீ டைம் மேடம்" என்றேன்.

மேடம் பதினொன்றையும் திறந்து பார்த்தார். எல்லாமே அக்காவுக்கு நான் கொடுத்த பதிலடிகள். சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியாமல் கொடுத்தவை.

"ஏனுங்க, டியூட்டி நேரத்துல ஒரு வரி வரலாறுகூட எழுதலைங்களா? பூராவும் சண்டைதானுங்களா?" என்று கேட்டவர், அதற்குமேல் தாங்க முடியாமல் மேசையில் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எழுத்தில் ஓலை எதுவும் கொடுக்கவில்லை. வாயால் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அதோடு முறைப்படி, இதைச் செய்யக் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்ற ஒரு தடையில்லாக் கடிதத்துக்கும் என்னிடம் விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். 'வேலையின் தன்மை' என்ற இடத்தில் 'ஊர்களுக்கு வரலாறு சேர்த்தல்' என்றும், 'மாதச் சம்பளம்' என்ற இடத்தில் 'இல்லை' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி முத்திரையோடு அது இன்றும் என் கோப்பில் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, கொதிக்கிற பானெட்டில் கைவைத்துக்கொண்டு, சுடுவதுகூடத் தெரியாமல் அரை மணி நேரம் நின்றேன். விசா பிழைத்தது, மகளின் பரீட்சையும் பிழைத்தது. அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஸ்டெல்லா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அந்தம்மா ஆறே காலு நல்ல பழக்கம்னு சொல்லிட்டாவ. வாய மூடிட்டு வந்தா என்ன? நாலு கூட்டச் சொல்லி நீங்களே எடுத்துக் குடுத்தியளாக்கும்!"

மகள் ஜெனி அதைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் எல்லாப் பெரியம்மா சித்திகளுக்கும் பரப்பிவிட்டாள். லீவில் போனால் கோழி வெட்டுவதற்கு முன்பே இந்தக் கதைதான் வெட்டுப்படும். இப்போதும் நான் ஆபீசிலிருந்து போன் போட்டு, "டாடி ஆறு மணிக்கு வந்துருவேன்" என்றால் போதும்.

"டாடி, இஸ் தட் நம்ம டைம், ஆர் லண்டன் டைம்?"

"நம்ம டைம்" என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கொடுப்பதில்லை.