ஒத்தக் காலுல நின்னே வந்தேன்

அன்று காலை ஏழு மணிக்கு நான் ரயில்வே மீது போர் தொடுத்தேன்.

"ஒண்ணாந்தேதியில இருந்து சீசன் டிக்கெட் விலை கூடுதாம்! இனி அந்த ரயில்ல காலு வைக்க மாட்டேன்!" என்று செய்தித்தாளை மேசையில் அறைந்தேன். தம்ளர் துள்ளியது. என் மனைவி மீனலோசினி துள்ளவில்லை.

இது கோபம் இல்லை, திட்டம். நான் மறுப்பேன். அவள் மனமிரங்கிக் கெஞ்சுவாள். கூடுதல் பணம் அவளுடைய கடுகு டப்பாவிலிருந்து வரும்.

அவள் இரங்குவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருடமாகச் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையத்துக்கு, ஒரு மில் அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பேன். "அப்பப்பா, என்னா கூட்டம்! ஒத்தக் காலுல நின்னே வந்தேன், மீனா!" உடனே சுக்குக் காப்பி வரும். உளுந்த வடை வரும். காலுக்கு வெந்நீர்கூட வரும்.

உண்மையில் எனக்கு ஜன்னலோர இடம். எதிரே சண்முகையா அண்ணாச்சி, பக்கத்தில் கண்ணன், நடுவே துண்டு விரித்துச் சீட்டுக் கச்சேரி. அந்த நாற்பது நிமிடந்தான் என் வாழ்க்கை. மற்ற நேரமெல்லாம் நான் ஊழியன் அல்லது கணவன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மீனாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை வந்தது. "அந்தக் கூட்டத்துல போனா நசுங்கிருவ. உனக்கே பேண்டேஜ் சுத்த வேண்டியிருக்கும்" என்றேன். அவள் போகவில்லை. வீட்டில் யாராவது வடை சுட வேண்டுமே!

சரி, போருக்கு வருவோம்.

"வைக்காதிய," என்றாள் மீனா.

"என்னத்த?"

"காலைத்தான். நின்னு நின்னு தேஞ்சுபோன காலு. இதுல துட்டு வேற கூடக் கேக்கானா? அந்தச் சீசனே வேண்டாம்."

அவசரமாகச் செய்தித்தாளை மடித்தேன். "இல்ல மீனா... கணக்குப் பாத்தா ஒரு டீக்காசுதான் கூடும்..."

"டீக்காசுக்கா தம்ளரு அந்தத் துள்ளு துள்ளிச்சு?"

"அது... மேசை ஆடுது."

"உங்க பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கே காலு வலிக்கு. ஏ ஷஹீரா!"

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஷஹீராவின் தலை உடனே தெரிந்தது. அவ்வளவு உடனே தெரிந்ததுதான் எனக்கு இடித்தது.

"உங்க வீட்டு அண்ணாச்சி வண்டி தெனமும் ராஜபாளையம் போகுதுல்லா? முன்சீட்டு காலியாவா இருக்கு?"

"இவுகளுக்குன்னா காலிதான். துட்டும் வேண்டாம். உக்காந்தே போலாம், அண்ணாச்சி!"

"அது கோழி வண்டியில்லா!" என்று அலறினேன். "நான் சைவம்!"

"கோழியத் திங்கவா சொல்லுதோம்? கூடப் போகத்தான சொல்லுதோம்," என்றாள் மீனா.

ரயிலே சொர்க்கம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஐந்து வருட வடைக்கும் பதில் சொல்லவேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒண்ணாந்தேதி ஷஹீராவின் கணவர் மைதீன் பாட்சாவின் வண்டியில் ஏறினேன். பின்னால் இருநூறு கோழிகள். இருநூறும் ஒரே நேரத்தில் என் திட்டத்தை விமர்சித்தன. சட்டைப்பையில் இறகு, காதில் இறகு.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மதுரை பாசஞ்சர் கடகடவென்று கடந்தது. என் பெட்டி. என் ஜன்னல். ஜன்னலில் மஞ்சள் சேலை.

எங்கேயோ பார்த்த சேலை. தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலை!

செல்போன் சிணுங்கியது. சண்முகையா அண்ணாச்சியின் செய்தி: "வே சிவபிரசாத், உம்ம இடத்தத் தங்கச்சிக்குக் குடுத்துட்டோம். பேண்டேஜ் கம்பெனியில சேந்துட்டாளாமே! விலை கூடுததுக்கு முன்னாலயே மூணு மாசச் சீசன் எடுத்துட்டாளாம். கெட்டிக்காரி! வடை பிரமாதம்."

"அண்ணாச்சி," என்றார் மைதீன் பாட்சா, கேட்டையே பார்த்தபடி. "போன மாசம் ஷஹீரா உங்க பெட்டியிலதான் போனாளாம். துண்டு விரிச்சு, கச்சேரி களை கட்டிச்சாமே?"

நான் திரும்பிக் கோழிகளை எண்ண ஆரம்பித்தேன்.

மாலையில் நான்தான் முதலில் வீடு சேர்ந்தேன். தலையிலிருந்து இறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அப்பப்பா, என்னா கூட்டம்! ஒத்தக் காலுல நின்னே வந்தேங்க!"

வாயைத் திறந்தேன். மீனா என்னையே பார்த்தாள். மதிலுக்கு மேலே ஷஹீராவின் தலையும் பார்த்தது.

வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுக்கைத் தட்டிப் போட்டேன்.

"அப்படியே காலுக்குக் கொஞ்சம் வெந்நீர்!" என்றது கூடம்.