மூன்று அங்குலம் இடது பக்கம்

மண்ணூர்,
9-9-1991, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் முனிரத்தினத்துக்கு, உன் அக்காள் புருஷன் ராமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும், உன் அக்காள் சரோஜாவும், உன் ஆறு லாரிகளும் சௌக்கியம். அங்கு கோலாரில் நீயும், பிள்ளை பெற்ற உன் மகள் கலைமதியும், இன்னும் பெயர் வைக்கப்படாத பேரனும் அவ்வண்ணமே இருக்க அம்மன் அருள வேண்டும்.

நிற்க. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நமது லாரி ஷெட்டில் நடந்த கூட்டத்தில், முன்கண்ணாடியில் டிரைவருக்கு நேர் எதிரே தொங்கும் எலுமிச்சம்பழத்தை மூன்று அங்குலம் இடது பக்கம் நகர்த்துவது என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. நம் கம்பெனியின் பதினான்கு வருஷ சரித்திரத்தில் இதற்கு ஒப்பான மாறுதல் எதுவும் நடந்ததாகப் பழைய காகிதங்களில் தெரியவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கை எடுத்துவிட்டு டியூப் லைட் போட்டதை வேண்டுமானால் இரண்டாவதாகச் சொல்லலாம்.

நீ ஊருக்குக் கிளம்பும்போது, "மாமா, சும்மா ஷெட்டில் உட்கார்ந்திருந்தால் போதும்" என்று சொன்னாய். முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தவன் சும்மா உட்காருவதை மறந்துவிட்டிருப்பான் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். நீ போன மறுநாளே மேஜை டிராயரில் மோட்டார் வாகன விதிப் புத்தகம் அகப்பட்டது. சட்டம் எண்பத்தெட்டில் பிறந்தது. விதிகள் எண்பத்தொன்பதில் பிறந்தன. நம் டிராயருக்கு எப்போது வந்தன என்று தெரியவில்லை, ஆனால் அட்டை கூடப் பிரிக்கப்படவில்லை. அன்றைய தபாலில் ஒரகடம் பக்கம் புதிதாக எழும்பும் பம்பு தொழிற்சாலையிலிருந்தும் கடிதம் வந்தது. ஆறு லாரிக்கும் தகுதிச் சான்றிதழ் புதுப்பித்து, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொண்டுவந்து காட்டினால் இரண்டு வருஷ லோடு நமக்கு. ஒன்று குறைந்தாலும் வாலாஜாபாத்காரனுக்கு. ஆய்வு புதன்கிழமை என்று நாள் வாங்கிவிட்டேன்.

ஆகவே விதிகளை அமல்படுத்தினேன். ஒவ்வொரு வண்டிக்கும் முதலுதவிப் பெட்டி வாங்கினேன். முதல் நாளே டிரைவர் சுபாஷ் அதில் வெற்றிலையும் சுண்ணாம்பும் வைத்திருப்பதைக் கண்டு, ஆறு பெட்டிக்கும் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டில் சரோஜாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். யாருக்காவது அடிபட்டால் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்ளலாம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய டிரைவருக்கு அரை மணி ஓய்வு தர வேண்டும் என்பதையும் படித்துக் காட்டினேன். நம் வண்டிகள் போகும் அதிகபட்ச தூரம் வாலாஜாபாத். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. "அப்ப மிச்சம் மூணரை மணி நேரத்த எங்க போயி ஓட்டறது சார்? செம்பரம்பாக்கம் ஏரிய சுத்திகினு வரட்டா?" என்று சுபாஷ் கேட்டான். நியாயமான சந்தேகம். மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன்.

தகராறு எலுமிச்சம்பழத்தில் வந்தது. முன்கண்ணாடியில் டிரைவரின் பார்வையை மறைக்கும்படி எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கழற்றுங்கள் என்றேன். எல்லப்பன் வண்டிச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டார். எல்லப்பனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓட்டுகிறார். ஒரு கோழி அடிபட்டதில்லை. அவர் சம்சாரம் முனியம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் கோயிலில் பூஜை போட்டுக் கொண்டுவரும் பழம்தான் அவர் கண்ணாடியிலும், மற்ற நான்கு பேர் கண்ணாடியிலும் தொங்குகிறது.

"பழம் இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன் சார். பிரேக் இல்லன்னா கூட ஏறுவேன்."

"எல்லப்பா, விதி இருக்கிறதே?"

"விதி இருக்கறதாலதான சார் பழத்த கட்டிகினு கீறோம்."

இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. வாலாஜாபாத்காரன் இரண்டு தடவை எல்லப்பனைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பது எனக்குத் தெரியும். அவர் போனால் மற்ற நால்வரும் பின்னாலேயே போவார்கள். பழம் இருந்தால் சான்றிதழ் இல்லை. பழம் இல்லாவிட்டால் டிரைவர் இல்லை. இரண்டில் எது போனாலும் ஒரகடம் லோடு போச்சு. எனவே கூட்டம் போட்டேன். அடிக்கோலும் நூலும் கொண்டு எல்லப்பனை ஆசனத்தில் உட்காரவைத்து அளந்ததில், பழத்தை மூன்று அங்குலம் நகர்த்தினால் ரோட்டை மறைக்காது என்று தெரிந்தது. எல்லப்பன் ஒரு அங்குலம் தருவதாகச் சொன்னார். நான்கில் ஆரம்பித்த நான் மூன்றில் நின்றேன். பகல் ஒரு மணிக்கு அவர் இரண்டுக்கு வந்தார்.

அந்த நேரத்தில், ஆறாவது வண்டி ஓட்டும் சூசைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி லூர்தம்மாள் உள்ளே புகுந்தாள். சூசையின் வண்டியில் பழம் கிடையாது, ஜெபமாலை. பாரபட்சம் கூடாது என்பதற்காக அதையும் மூன்று அங்குலம் நகர்த்த வேண்டும் என்று நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"எலுமிச்சம்பழம் நவுந்தா நவுரட்டும், எங்க மாதா இன்னாத்துக்கு சார் நவுரணும்? அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

"அப்ப எங்க அம்மன் மட்டும் இன்னாமா தப்பு பண்ணுச்சு?" என்று எல்லப்பன் எழுந்துவிட்டார்.

"நான் அப்டி சொன்னனா அண்ணே? இவரு வூட்ல காலண்டர நவுத்தச் சொல்லு, நவுத்துவாரா பாக்கலாம்."

இவர் என்றது என்னை. அதன் பிறகு இரண்டு மணி நேரம் இருவரும் ஒரே கட்சியாகி என்னோடு பேசினார்கள். கடைசியில் யார் சொன்னார்கள் என்று தெரியாமலே மூன்று என்று முடிவாயிற்று. லூர்தம்மாள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தன் கையாலேயே நகர்த்தினாள். எல்லப்பன் சாவியை எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம்விட நீ பெருமைப்பட வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. விதிகள் டிரைவர்களுக்கு ஏன் மறந்துபோகின்றன? கண்ணில் படாததால். ஆகவே முக்கியமான முப்பத்தொரு விதிகளை நல்ல தமிழில், கொட்டை எழுத்தில், முழு நீளத் தாளில் ஆறு பிரதி எழுதி, ஒவ்வொரு வண்டியிலும் முன்கண்ணாடியின் உட்புறம், டிரைவருக்கு நேர் எதிரே, பழம் நகர்ந்ததால் காலியான இடத்தில், இன்று காலை ஒட்டிவிட்டேன். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் கேட்டு, மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. மழைக்கும் அசையாது என்றார்கள்.

பலன் உடனே தெரிந்தது. முதல் நடை போய்வந்த எல்லப்பன், "இன்னா சார், ரோடே தெரியல, ரூலுதான் தெரியுது" என்றார். அவர் அதைப் புகார் போலச் சொன்னாலும், முப்பத்தொரு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். டிரைவர்கள் எல்லோரும் இப்போது பக்கத்து ஜன்னலில் தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார்கள். முன்னைக் காட்டிலும் கவனம் கூடியிருக்கிறது. வேகமும் பாதியாகிவிட்டது. இந்த முறையை மற்ற லாரி முதலாளிகளுக்கும் சொல்லலாமென்று ஆய்வாளரிடமே ஒரு பிரதி கொடுக்க உத்தேசம். நீ எதற்கும் கவலைப்படாமல் பேரனுக்குப் பெயர் வைக்கும் வேலையைப் பார்.

கலைமதியைப் பூண்டு சேர்த்துச் சாப்பிடச் சொல்லவும் என்று சரோஜா சொல்கிறாள். பேரனுக்கு எங்கள் இருவருடைய ஆசியும். உன் சம்சாரம் ரத்னாவுக்கும் சொல்லவும். கம்பெனி நல்ல கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நலம் கோரும் மாமா,
ம. ராமன்.

பின்குறிப்பு (12-9-1991, வியாழக்கிழமை): தபால் தலை வாங்க மறந்ததால் இந்தக் கடிதம் இன்றுவரை என்னிடமே இருந்தது. நேற்று வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் ஆய்வு நடந்தது. ஆய்வாளர் முதலில் எல்லப்பன் வண்டியில் ஏறி ஆசனத்தில் உட்கார்ந்தார். பழத்தைப் பார்த்தார்; அதை விட்டுவிட்டார். தாளைக் காட்டி, "இது என்ன?" என்றார். விதிகள் என்றேன். "பதினேழாவதைப் படியுங்கள்" என்றார். படித்தேன். 'முன்கண்ணாடியில் டிரைவரின் பார்வையை மறைக்கும்படி எதையும் ஒட்டவோ தொங்கவிடவோ கூடாது.' கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குள் ஆறு கண்ணாடியும் சுத்தமாக இருந்தால் பார்க்கலாம் என்று இறங்கிப் போனார். அப்போது மணி மூன்றரை.

பசை சொன்ன சொல் தவறவில்லை. தண்ணீர் விட்டுச் சுரண்டியதில் தாள் வந்தது; எழுத்தும் வெள்ளைப் படலமும் கண்ணாடியிலேயே நின்றன. சுபாஷ் பிளேடை எடுத்து விரலை வெட்டிக்கொண்டான். பெட்டிச் சாவி மண்ணூரில் சரோஜாவிடம் இருந்தது. மணி நாலரை ஆனபோது எல்லப்பன் தன் பழத்தை அவிழ்த்து, இரண்டாக அரிந்து, கண்ணாடியில் தேய்க்க ஆரம்பித்தார். படலம் கரைந்தது.

"எல்லப்பா, கோயில் பழமாயிற்றே!" என்றேன்.

"பழம் வெள்ளிக்கெழம வந்துடும் சார். ஆபீசரு வருவாரா?"

மற்ற நால்வரும் அவிழ்த்தார்கள். எல்லப்பன் தன் பழத்தில் பாதியைச் சூசைக்குக் கொடுத்தார். ஐந்து பழத்தில் ஆறு கண்ணாடியும் சுத்தமாயிற்று. மேலே கண்ட கடிதத்தில் விதித் தாளைப் பற்றிய பகுதியையும், கடைசி வரியையும் படிக்காமல் விட்டுவிடவும்.

ஆறு சான்றிதழும் கிடைத்தன. இன்று காலை எட்டு மணிக்கு ஒரகடத்தில் அவற்றைக் காட்டிவிட்டு, முதல் லோடை ஏற்றிக்கொண்டு எல்லப்பன் பதினொரு மணிக்கு ஷெட்டுக்கு வந்தார். கண்ணாடியில் எதுவும் இல்லை.