தவழ்ந்து பார்த்த இரண்டு வீடுகள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நேற்று போனிலேயே கேட்டுவிட்டதால் மறுபடி கேட்கவில்லை. "புது வீடு இருக்கும்போது பழசை யாராவது வாங்குவாங்களாடி?" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிரிப்பாய். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் புரோக்கருக்கு முடிவு சொல்லியாக வேண்டும். இவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். ஆனால் நாள் முழுக்கத் தரையிலேயே தவழ்ந்து கிடக்கப்போவது என் பிள்ளை, நம்ம உருண்டைதானே? அவன் கண்ணுக்கு வீடு எப்படித் தெரியும் என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசித்தேன். புது அடுக்குமாடி வீட்டின் ஹாலில் கைப்பையை இவரிடம் கொடுத்துவிட்டு முட்டி போட்டேன். விற்பனைக்காரர் பதறிப்போய், "மேடம், கம்மல் விழுந்துடுச்சா?" என்றார். "இல்லைங்க, தவழ்ந்து பாக்கறேன்" என்றேன். பாவம், விற்றாக வேண்டுமே! "தாராளமா தவழுங்க மேடம்" என்று டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவரும் பின்னாலேயே வந்தார். பளிங்குத் தரை, இரண்டு பேருக்கும் முட்டி வழுக்கியது. மின்சார பிளக்குகள் எல்லாம் சரியாக என் மூக்குக்கு நேரே. பால்கனிக் கம்பி இடைவெளியில் என் தலையே காது வரைக்கும் போய்விட்டது, வெளியே வரத்தான் அதற்கு மனசில்லை. இவரோ யாருடனும் வராதவர் மாதிரி லிஃப்ட் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பழைய வீட்டில் வீட்டுக்காரம்மா, "ஏம்மா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்று ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் முட்டி போட்டுவிட்டார். "இந்தப் பக்கம் வா. இங்க ஒரு ஆணி நீட்டிக்கிட்டிருக்கும். என் பெரியவன் நெத்தியில அதோட கையெழுத்து இன்னும் இருக்கு." உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் என்னத்தைத் தேடுறீங்க?" என்றார். "வீட்டைத்தான்!" என்றார் அந்தம்மா.

அக்கா, அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு ஜாண் உயரத்துக்கு மரத்தாலான நிலைப்படி. அதைத் தாண்ட முடியாமல் நானே திணறினேன் என்றால் உருண்டை எப்படித் தாண்டுவான்? ஹாலில் விட்டால் ஹாலிலேயே இருப்பான்! நான் நிம்மதியாக ஒரு வாய் காபி குடிப்பேன். "சுவர் எல்லாம் ஈரம் அடிக்குதே" என்று இவர் முணுமுணுத்தார். "சுவத்துல யாருங்க தவழப்போறா?" என்றேன். மனுஷன் மறுபடி குழாயைத் திறந்து பார்க்கப் போய்விட்டார். பழைய வீடுதான், முடிவு செய்தாயிற்று. பல மாதம் கழித்து இன்றைக்குத்தான் மனசு லேசாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வாண்டுகள் மூன்றுக்கும் ஆளுக்கொரு முத்தம், சண்டை வராமல் சமமாகக் கொடு.

இப்படிக்கு,
உன் செல்லத் தங்கை

பி.கு.: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது யாரோ என் நைட்டியை இழுத்தார்கள். திரும்பினால் உருண்டை நிற்கிறான்! கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, நாலு எட்டு நடந்தே வந்திருக்கிறான். கட்டிலடியில் கிடந்த என் செருப்பு அவன் கையில்! இவரை எழுப்பினேன். சந்தோஷத்தில் இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும்தான் உறைத்தது: ஒரு ஜாண் படியில் இனி தினமும் தடுக்கி விழுவானே! இரண்டு வீட்டையும் மறுபடி அவன் உயரத்துக்குக் குனிந்து நடந்து பார்க்க வேண்டும். இவர் வரமாட்டாராம். நீ கிளம்பி வா. நீ யோசித்து முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிடுவான்.