பதினேழாம் எண் வண்டி தங்கள் வாசலில் நிற்காத காரணம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் அனைவரும் நலம். என் மனைவியின் இரண்டு கைகள் மட்டும் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் உடல் நலத்தோடும், முடிந்தால் கொஞ்சம் மன அமைதியோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை தாங்களே எடுத்து, "வாசல் வழியாப் போனவங்களுக்கு உள்ள வரத் தெரியலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். நாங்கள் தங்கள் தெரு வழியாகப் போனதை யாரோ தங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். என் மருமகள், அதாவது தங்கள் மகள், "மாமா, எங்க அப்பா கோபம் போன்ல தீராது. லெட்டர் போடுங்க. லெட்டர்னா ரெண்டு தடவை படிப்பார்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். அருள்கூர்ந்து இரண்டு தடவை படிக்கவும்.

நான் முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தாலே அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரேயடியாக வராமலே போனேன் என்றால், என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று தாங்கள் யோசிக்க வேண்டும். என் மகள் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருப்பது தங்களுக்குத் தெரியும். மாலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல் கீப்பர். ஆறு வருஷமாக ஆடுகிறாள். ஆறு வருஷத்தில் ஒரு மேட்ச்கூட நான் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பந்து அவள் பக்கம் வருவதை நின்று பார்க்கும் தைரியம்தான் இல்லை. அதனால் மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்து நிலவரம் தெரிந்துகொள்வது என் வழக்கம். இந்த வருஷம், அணி ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக, இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். போட்டி தங்கள் ஊரில். மகள் என்னிடம் வந்து, "அப்பா, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இந்த ஒரு மேட்ச்சாவது சுவருக்கு உள்ள இருந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான். அன்று மாலையே பயணத் திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன்.

திட்டக் குழுவில் மூன்று பேர். நான்; எங்கள் மாடியில் குடியிருக்கும் டெய்லர்; தண்ணீர் கேன் வண்டி ஓட்டும் நண்பர். டெய்லர்தான் அணியின் ரசிகர் மன்றச் செயலாளர். மன்றத்தில் மொத்தம் இரண்டு உறுப்பினர்கள், இன்னொருவன் நான். டிரைவரை எல்லோரும் 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்றபடி நாற்பதுக்கு மேல் போக மாட்டார். சைக்கிள்காரர் முந்தினால்கூட, "பாவம், என்ன அவசரமோ" என்று ஒதுங்கி வழிவிடுவார். அவர் வண்டியிலேயே போவது என்று முடிவாயிற்று. முதலில் தங்கள் ஊரில் தங்குவதற்கு இடம் பார்த்தேன். பதினோரு லாட்ஜுக்குப் போன் செய்தேன். எல்லோரும் ஒரே வார்த்தையாக, "ரூம் இல்ல சார், விழா" என்றார்கள். முதல் லாட்ஜ்காரர் அப்படிச் சொன்னபோது, அவர் வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்து, "நல்லபடியா நடக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு வைத்தேன். ஐந்தாவது ஆளையும் வாழ்த்தினேன். ஏழாவது ஆள்தான், "சார், வாழ்த்தெல்லாம் இருக்கட்டும், இது ஊர் விழா. நகரமே திருவிழாவா இருக்கு, எந்த உலகத்துல இருக்கீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் தாங்கள் பெருந்தன்மையோடு, "லாட்ஜ் எதுக்கு? மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு, மேட்ச் பார்த்துட்டு, அப்படியே கிளம்புங்க" என்று அழைத்தீர்கள். அந்த விழாவில் ஊர்வலம் என்று ஒன்று உண்டு, அது தங்கள் தெரு வழியாகத்தான் போகும் என்பதைத் தாங்கள் அப்போது சொல்லவில்லை. குறை சொல்லவில்லை, குறிப்பிடுகிறேன்.

நான் தயாரித்த அட்டவணையில் தங்கள் வீட்டுக்குத்தான் முதலிடம். காலை 5.10 புறப்பாடு. 11.45 தங்கள் வாசல். 11.50 வரை நலம் விசாரிப்பு. 12.40 வரை சாப்பாடு. 12.40 முதல் 1.00 வரை, சம்பந்தி அம்மா இன்னும் கொஞ்சம் போடுவதும் நாங்கள் போதும் போதும் என்பதும். இதற்கு இருபது நிமிஷம் ஒதுக்கிய மனிதனைத்தான் தாங்கள் மரியாதை தெரியாதவன் என்று நினைக்கிறீர்கள்.

எல்லாம் கெட்டது டெய்லரால். அணியின் நிறம் பச்சை என்பதால் வண்டியைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோல் கீப்பரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று மெத்தைப் பஞ்சை அடைத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு வெள்ளைக் கையுறைகள் தைத்து, வண்டிக் கூரைமேல் வானத்தைப் பார்த்து நட்டுவைத்தார். பின்னால் முப்பது தண்ணீர் கேன்கள் வேறு. "இறக்கி வெச்சுட்டு வரலாமே" என்றேன். "காலி வண்டி துள்ளும் சார், கேன் இருந்தா அடக்கமா போகும்" என்றார் நிதானம். ஆக, பச்சைத் துணி, இரண்டு ராட்சதக் கைகள், முப்பது கேன் தண்ணீர் ஆகியவற்றோடு, என் மனைவியையும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் தங்கள் ஊர் எல்லையைத் தொட்டபோது மணி 11.20. அட்டவணையில் ஊர் எல்லைக்கு 11.25; ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்திருந்தோம் என்பதைக் கவனிக்கவும்.

முதல் திருப்பத்திலேயே விசிலும் கையுமாக ஒருவர் ஓடிவந்தார். சட்டையில் விழாக்குழு அட்டை. "எங்க சார் போனீங்க? பதினேழு எங்க, பதினேழு எங்கன்னு அரை மணி நேரமா தேடிக்கிட்டிருக்கோம்!" என்று கத்திக்கொண்டே வண்டியின் முகப்பில் 17 என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார். பிறகு பின்னால் வந்து, "சுகாதாரந்தானே?" என்று கேட்டார். யாரோ நல்ல மனிதர் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்த என் மனைவி, "எல்லாரும் சௌக்கியம்தாங்க, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவர் திருப்தியாகத் தலையாட்டி, அவள் கையில் ஒரு சோப்பைக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். நான் இறங்கி, "சார், தப்பா நினைச்சுட்டீங்க, நாங்க மேட்ச் பார்க்க வந்தவங்க" என்றேன். "எல்லாருமே மேட்ச் பார்க்கத்தான் போறோம். ஊர்வலம் முடியுறதே ஸ்டேடியம் வாசல்லதான். வேற ரோடெல்லாம் அடைச்சாச்சு. ஏறுங்க, ஏறுங்க!" என்று என்னைத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டார். முன்னால் பார்த்தேன், தேனீ வேஷம் போட்ட வங்கி ஊழியர்கள் நாற்பது பேர். பின்னால் பார்த்தேன், தீயணைப்பு வண்டி. பக்கவாட்டில் கயிறு. சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள், தேனீக்கும் தீயணைப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் எப்படிச் சாப்பிட வருவான்?

ஊர்வலம் ஒரு மணிக்குத்தான் நகர ஆரம்பித்தது. நிதானம் ஒருவருக்குத்தான் பரம சந்தோஷம். "முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், இன்னைக்குத்தான் எல்லாரும் என் வேகத்துக்கு வந்திருக்காங்க" என்றார். ஒவ்வொரு முனையிலும் ஒரு மைக். "அடுத்து வருவது பதினேழாவது வண்டி! கை கழுவுவதன் அவசியத்தை எவ்வளவு அழகாக விளக்குகிறார்கள், பாருங்கள்!" என்று அறிவித்தார்கள். கூட்டம் முழுக்க என் மனைவியையே பார்த்தது. கையில் சோப்பு இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. அவள் வேறு என்ன செய்வாள்? கை கழுவ ஆரம்பித்தாள். நான் குவளையில் மொண்டு ஊற்றினேன். முதல் முனையில் வெட்கப்பட்டுக்கொண்டு கழுவினாள். மூன்றாவது முனையில் விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் காட்டிக் கழுவினாள். ஐந்தாவது முனையில் குழந்தைகள் கைதட்டவும், "முழங்கை வரைக்கும் தேய்க்கணும், கண்ணுங்களா!" என்று சொந்தமாகப் பேசவே ஆரம்பித்துவிட்டாள். டெய்லரால் பொறுக்க முடியவில்லை. தான் தைத்த கையுறையைச் சுகாதாரத்துக்குத் தாரை வார்த்துவிட்டார்களே என்று ஆவேசம் வந்து, "கோல் கீப்பர்! கோல் கீப்பர்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மைக் பிடித்தவர் விடவில்லை. "ஆம், நோயைத் தடுக்கும் கோல் கீப்பர் சோப்புதான் என்கிறார்! என்ன ஒரு கற்பனை!" என்றார். டெய்லர் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது தங்கள் தெருவுக்கு வருகிறேன். தங்கள் மனம் புண்பட்ட இடம் இதுதான் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். தெரு முனை திரும்பும்போது காற்றில் இடது கையுறை சரிந்து, தங்கள் வீடு இருக்கும் பக்கத்தை முழுவதுமாக மறைத்துவிட்டது. நானோ குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போதாததற்கு அந்த இடத்தில்தான் ஊர்வலம் வேகம் எடுத்தது. வண்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை. நின்றிருந்தால் குதித்தாவது வந்திருப்பேன். தாங்கள் வாசலில் காத்திருந்ததையும், சம்பந்தி அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்று நான்கு பேருக்குச் சமைத்து வைத்திருந்ததையும் நினைத்து, தெருவைக் கடந்தபின் நான் கண் கலங்கியதை டெய்லர் பார்த்தார். கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்டேடியம் வாசலை அடைந்தபோது மணி 4.25. ஆட்டம் தொடங்கி இருபத்தைந்து நிமிஷம். உள்ளே ஓடிப் போனால், எங்கள் அணி ஏற்கெனவே ஒரு கோல் வாங்கியிருந்தது. தூரத்தில் என் மகள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அலமாரி மேல் தட்டு எட்டாமல் ஸ்டூல் போடுகிறவள், அங்கே அந்த இடைவெளியையே அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி தெரிந்தது. இடைவேளைக்குப் பின் எங்கள் பெண்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். சமம். கடைசியில் பெனால்டிக்கு வந்துவிட்டது. அணிக்கு ஐந்து அடி. மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். "சார், திரும்புங்க சார்! பொண்ணு உங்களுக்காகத்தானே நிக்குது!" என்று டெய்லர் உலுக்கினார். நான் அசையவில்லை. நான்கு நான்கு என்று நின்றது. எங்கள் ஐந்தாவது உள்ளே போய்விட்டது. அவர்களுடைய ஐந்தாவது பாக்கி. அப்போது என் மனைவி, ஊறிச் சுருங்கிச் சில்லிட்ட இரண்டு கைகளாலும் என் தாடையைப் பிடித்து, "ஒரே ஒரு தடவை பாருங்க" என்று திருப்பிவிட்டாள். பார்த்தேன். பந்து வலது மூலைக்குப் போயிற்று. என் மகளும் போனாள், தட்டிவிட்டாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தேன். அவர் எதிரணிக்காரராம். நல்ல மனிதர், முதுகில் தட்டிக் கொடுத்தார்.

முழங்காலெல்லாம் சேறாக மகள் ஓடி வந்தாள். "அப்பா! எப்ப வந்தீங்க?" என்றாள். "முதல்லேர்ந்து இருக்கோம்மா" என்றேன். "கதை விடாதீங்க. முதல் கோல் போனப்ப உங்களைத்தான் தேடினேன். கேலரியில ஒரு துண்டு பச்சைகூட இல்ல" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்தவள் திடுக்கிட்டு, "என்னம்மா இது, கை ஏன் இப்படி ஊறிப் போயிருக்கு?" என்றாள். அந்த நேரம் பார்த்து விசில்காரர் மூச்சு வாங்க ஓடிவந்து, "பதினேழு! உங்களுக்கு ரெண்டாம் பரிசு!" என்று ஒரு பெட்டி சோப்பை நீட்டினார். அதில் பாதியைத் தங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். இதில் வேண்டுமென்று செய்தது ஒன்றுமில்லை. எல்லாம் கையுறையின் குற்றம், காற்றின் குற்றம். பெரிய மனது பண்ணி எங்களை மன்னிக்க வேண்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் தங்கவும், இனி தங்கள் போன் மணி இரண்டாவது ஒலிப்பிலேயே எடுக்கப்படவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மேல் மாறாத மரியாதை உள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "நான் சொல்றேன், அப்படியே எழுதுங்க, ஒரு வார்த்தை மாத்தக் கூடாது" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன்.

'அண்ணா, கையுறை சரியவே இல்ல. கடைசி வரைக்கும் நேராத்தான் நின்னுச்சு. தேனீ ஒருத்தருக்கு மயக்கம் வந்து, ஊர்வலம் உங்க வாசல்லயே பதினெட்டு நிமிஷம் நின்னுச்சு. நீங்க நீலச் சட்டை போட்டு, எங்க வண்டியைக் கவனிக்காம தெரு முனையையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் கூப்பிட வாயைத் திறந்தேன். இவர் என் வாயைப் பொத்தி, "கூப்பிடாதே, இறங்கினா சாப்பிடாம விட மாட்டாங்க, வண்டி போயிடும், பொண்ணு கேட்டது இந்த ஒண்ணுதான்"னு சொல்லிட்டு, கேனுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டார். பதினெட்டு நிமிஷமும் டெய்லர்தான் தண்ணி ஊத்தினார். ஆனா அண்ணி எங்களைப் பார்த்துட்டாங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு, "போங்க, போங்க, நான் சமாளிச்சுக்கறேன்"னு கரண்டியை ஆட்டிக் காட்டினாங்க. அன்னைக்கு சாயங்காலமே நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசி, வயிறு வலிக்கச் சிரிச்சாச்சு. வராத நாலு பேர் சாப்பாட்டுல மூணு பேரோடதை நீங்களே கோபத்தோட சாப்பிட்டு முடிச்சீங்கன்னு அண்ணி சொன்னாங்க. வர்ற ஞாயிறு நாங்க வர்றோம். அண்ணிகிட்ட கேட்டாச்சு, உங்ககிட்ட சொல்றோம், அவ்வளவுதான்.'