தவில் பிழை

என்னை என் வாழ்க்கையில் ஒரேயொரு மனிதர்தான், பகிடிக்கில்லாமல், ‘சேர்’ என்று கூப்பிட்டிருக்கிறார். அதுவும் ஒரே நாளில், கால் மணி நேரத்துக்குள், மூன்று தரம். முதல் தரம் காது சூடானது. இரண்டாம் தரம் நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாம் தரம் நான் வாயைத் திறந்தேன். ஒரு கலியாணம் குழம்பிப் போனது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு வவுனியாவில் அரிசி ஆலை, இரண்டு வருடம் உப்பளம், கொழும்பில் தேத்தண்ணிக் கடை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது இடுப்பில் ஒரு சாரமும் மேலில் ஒரு சேட்டும் மிச்சம். (சேட்டும் என்னுடையதில்லை. கப்பலில் யாரோ தந்தது.) பிறகு கொக்குவிலில் ஒரு கொட்டில் போட்டுச் சைக்கிள் திருத்தத் தொடங்கினேன். சண்டை தொடங்கி, மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாக அரசாங்கத் தடை வந்த காலத்தில் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. எனக்குக் குறையில்லை.

அந்தக் கொட்டிலுக்குத்தான் ஒருநாள் ஒரு பெண்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி, ஒற்றைப் பின்னல், தோளில் துணிப்பை.

“அண்ணை, டைனமோவைப் பின் சில்லிலை பூட்டேலுமோ?”

“ஏன் பிள்ளை, பின்னாலை வாறவனுக்கு வெளிச்சம் காட்டவோ?”

“வெளிச்சத்துக்கில்லை அண்ணை. கிணத்துக்கு.”

நான் திருகு சாவியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் பெயர் தில்லைநாயகி. கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், பௌதிகம் படிப்பிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அவர் ‘மிஸ்’, அவருக்கு நான் ‘ராசண்ணை’.

மிஸ்ஸின் ஆராய்ச்சியை இப்போதும் நான் ஆட்களுக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறேன். எங்கள் நிலத்துக்கு அடியில் கடல் தண்ணீர் நிற்கிறதாம். அதன் மேலே, சாமி விளக்கில் தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பது மாதிரி, மழையின் நல்ல தண்ணீர் மிதக்கிறதாம். மேலேயிருந்து கண்டபாட்டுக்கு இறைத்தால் கீழேயிருக்கிற உப்பு எழும்பி வரும். உரும்பிராயில் வெங்காயத்துக்கும் சண்டிலிப்பாயில் புகையிலைக்கும் மோட்டர் வைத்து இறைத்தார்கள். கொக்குவிலில் வளவுக்கு வளவு மதில் கட்டி, கிணறும் மலகூடமுமாக நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். எங்கே உப்பு ஏறியது, ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்கப் பௌதிகம் மட்டும் போதாது. எந்தக் காணியில் என்ன பயிர், எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு, எந்த வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்றுகூட எழுதவேண்டும். எல்லாவற்றையும் அவர் ஒரு கொப்பியில் எழுதினார்.

“இப்ப மண்ணெண்ணெய் இல்லை, ஒருத்தரும் மோட்டர் போடேல்லை. உலகத்திலை எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் இப்பிடி ஒரு சந்தர்ப்பம் கிடையாது அண்ணை. உப்பு கீழை இறங்குதோ எண்டு பாக்கவேணும்” என்றார்.

மற்றவர்கள் இருட்டில் இருந்து புலம்பிய தடையை, இந்தப் பிள்ளை இப்படிப் பார்த்தார்! அன்றே நான் அவருடைய ஆள் ஆகிவிட்டேன்.

கருவி இதுதான். பழுதான பற்றரிகளை உடைத்து எடுத்த இரண்டு கரிக்குச்சிகள், பழைய ரேடியோவில் கழற்றிய சாமான்கள், முள் ஆடுகிற ஒரு மீற்றர். கிணற்றில் அள்ளிய வாளித் தண்ணீருக்குள் கரிக்குச்சிகளை விடவேண்டும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நான் மிதிக்க, டைனமோ மின்சாரம் தரும். தண்ணீரில் உப்புக் கூடினால் முள் கூடுதலாக எழும்பும். மிஸ் வாளி விளிம்பில் பென்சிலால் டொக், டொக் என்று தட்டுவார். நான் அந்தத் தட்டுக்குச் சரியாக மிதிக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒருநாள் உரும்பிராய்த் தோட்டமொன்றில் மிதித்துக் கொண்டிருக்கும்போது குண்டு போட பொம்மர் விமானம் வந்தது. இருவரும் வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தோம். நான் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்தேன். மிஸ் இரண்டு கையாலும் மீற்றரைப் பிடித்தார். பொம்மர் போனதும் எழுந்து, சேலையில் சேற்றைத் தட்டிவிட்டு, “முதலிலை இருந்து மிதியுங்கோ ராசண்ணை” என்றார்.

இப்படிப்பட்டவரிடம் வேலை செய்தால் எனக்கு அடக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது தலைக்கனம். மிஸ்ஸோடு போகிற இடத்தில் எல்லாம் “தம்பியும் கம்பஸோ?” என்று கேட்டார்கள். நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். பிறகு சாரத்தை விட்டுக் களிசானுக்கு மாறினேன். (இரவல் களிசான். இடுப்பில் சணல் கயிறு.) சேட்டுப் பையில் பேனை குத்தினேன். அதில் மை இல்லை.

ஒரு கிழமை மிஸ்ஸுக்குக் கம்பஸில் பரீட்சை மேற்பார்வை வந்தது. சண்டிலிப்பாயில் எட்டுக் கிணறு பாக்கி.

“நான் தனியப் போய் எடுத்துக்கொண்டு வாறன் மிஸ்.”

அவர் யோசித்தார். “மனசுக்குள்ளை எண்ணி எண்ணி மிதிக்கவேணும் அண்ணை.”

“ஓம்.”

“முள் நிண்ட இடத்தை எழுதினால் காணும். வீட்டுக்காரருக்கு ஒண்டும் சொல்லக்கூடாது. நான் கணக்குப் பாத்தபிறகுதான் அது என்னெண்டு எங்களுக்கே தெரியும்.”

“என்ன மிஸ், உப்பளத்திலை ரெண்டு வருசம் நிண்டவனுக்கு...”

“அதுதான் பயம்” என்றார்.

மீற்றரைக் கைபிடியில் கட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணறு பிழையில்லாமல் முடிந்தது. எட்டாவது கந்தையா அண்ணையின் கிணறு. கந்தையா அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். படலையைத் திறந்தால் முற்றத்தில் கதிரைகள், வெள்ளை வேட்டிகள். அவருடைய மகள் சிவமலருக்கு மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வந்திருந்தது. சிவமலருக்குச் சீதனமாக எழுதப் போவது அந்த வீடும் வளவும் கிணறும்தான். முன் கதிரையில் மாப்பிள்ளையின் தாய்மாமன், கொக்குவில் பொன்னம்பலத்தார். கையில் தேத்தண்ணி, வாயில் பனங்கட்டி.

“எவ்வளவு ருசியான தண்ணி! இன்னொரு பேணி தாங்கோ” என்று அவர் சொன்னது என் காதாலேயே கேட்டது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கந்தையா அண்ணை என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். “கம்பஸிலையிருந்து எங்கடை கிணத்தைப் பாக்க வந்திருக்கினம்” என்று பெருமையாகச் சொன்னார். பொன்னம்பலத்தார் எழுந்து வந்தார்.

“வாங்கோ சேர்.”

ஒன்று.

சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றினேன். வாளியில் குச்சிகளை விட்டேன். மாப்பிள்ளை பகுதி முழுவதும் கிணற்றடியைச் சுற்றி நின்றது. ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. முள் ஒழுங்காக நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஒழுங்கைக் கோயிலில் சாமி வெளிவீதிக்கு வந்தது.

நான் பத்து வயதிலிருந்து காவடி ஆடுகிறவன். தவில் கேட்டால் என் கால் என்னுடையதில்லை. முதலில் தவில் மெதுவாகத்தான் அடித்தது. என் எண்ணிக்கையும் அதுவும் ஒத்துப்போயின. எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறகு தவில் எழும்பியது. நானும் எழும்பினேன். சாமி மூலைக்குத் திரும்பியிருக்கவேண்டும். தவில்காரர் இருவரும் ஒருவரையொருவர் விடமாட்டேன் என்று அடித்தார்கள். நான் ஆசனத்தைவிட்டு எழும்பி நின்று மிதித்தேன். சணல் கயிறு அறுந்தது. ஒரு கையால் களிசானைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். முள் துள்ளிக்கொண்டு மீற்றரின் அந்தக் கரைக்குப் போய் இடித்தது.

“சேர் சரியாப் பாடுபடுறார்” என்றார் பொன்னம்பலத்தார்.

இரண்டு.

இறங்கினேன். வேர்த்து ஒழுகியது. முள் போன இடத்தை எழுதினேன். எழுதிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம்.

“எப்பிடித் தண்ணி, சேர்?”

மூன்று. இருபது கண்கள் என்னைப் பார்த்தன. மிஸ் சொன்னதெல்லாம் மறந்துபோனது. நான் தொண்டையைச் செருமி, வானத்தைப் பார்த்து (கம்பஸ்காரர் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்கொரு எண்ணம்), “சவர்” என்றேன். “சரியான சவர். உப்பளம் தோத்துப்போம்.”

பொன்னம்பலத்தார் கையிலிருந்த பேணியைப் பார்த்தார். மெல்லக் கீழே வைத்தார்.

“நானும் யோசிச்சனான். குடிக்கேக்கை நாக்கிலை ஒரு மாதிரித்தான் இருந்தது.”

“இப்பதானே ஐயா ரெண்டாம் பேணி கேட்டனீங்கள்?” என்றார் கந்தையா அண்ணை.

“அது மரியாதைக்கு.” துண்டை உதறித் தோளில் போட்டார். “சவர்க் கிணத்து வளவை எங்கடை பொடியன் எடுத்து என்ன செய்யிறது? ஒரு வெங்காயம் வருமோ? போட்டு வாறம்.”

வெள்ளை வேட்டிகள் படலையால் வெளியேறின. குசினிக் கதவடியில் நின்ற சிவமலர் மட்டும் அழவில்லை. “அப்பா, கோயில் மேளம் எழும்ப எழும்ப உவரும் எழும்பினவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றாள். யார் கேட்டார்கள்? மெசின் சொல்லிவிட்டது. மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுவதும் அவரவர் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் துப்பிக் கொண்டிருந்தது. முதல்நாள்வரை தேன் என்று குடித்தவர்களுக்கு எல்லாம் உப்புக் கரித்தது. “எங்கடை தண்ணியையும் கெடுத்துப்போட்டான்” என்று ஒரு மனுசி விளக்குமாற்றோடு என்னைத் துரத்தினாள். களிசானைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று அன்று அறிந்தேன்.

அடுத்தநாள் காலை மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். (விளக்குமாற்றை விட்டுவிட்டு.) திட்டுவார் என்று நினைத்தேன். கொப்பியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பிள்ளை மேளத்தைப் பற்றிச் சொன்னதோ?”

“ஓம் மிஸ்.”

“அங்கை நிண்ட ஆக்களிலை அது ஒண்டுதான் ஆராய்ச்சிக்காரி” என்றார். “வாங்கோ போவம்.”

நேரே சண்டிலிப்பாய்க்குப் போனோம். சிவமலரிடம் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு கந்தையா அண்ணையின் முன்னால் நின்று சொன்னார்: “ஐயா, பிழை உங்கடை கிணத்திலை இல்லை. இவரைத் தனிய அனுப்பினது என்ரை பிழை. நான்தான் சரிப்படுத்தவேணும்.”

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் பிடித்தார். வெயில் கொளுத்த, கொக்குவிலுக்குத் திரும்பி ஓடினோம். பொன்னம்பலத்தார் வீட்டுப் படலையில் மிஸ் மணியடித்தார். மனிசன் என்னைக் கண்டதும், “வாங்கோ சே...” என்று தொடங்கி, மிஸ்ஸைக் கண்டு நிறுத்திக்கொண்டார். இப்போது யார் சேர் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஐயா, அஞ்சு நிமிசம் தருவியளோ? உங்கடை கிணத்தடியிலை ஒண்டு காட்டவேணும்.”

போத்தல் தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றிக் குச்சிகளை விட்டார். “மெல்ல மிதியுங்கோ ராசண்ணை.” முள் தாழ நின்றது. “இப்ப தவிலை நினைச்சு மிதியுங்கோ.” மிதித்தேன். முள் பாய்ந்து கரையில் இடித்தது. “மெல்ல.” முள் இறங்கியது. பொன்னம்பலத்தாரின் தலையும் முள்ளோடு ஏறி இறங்கியது.

“தண்ணி அதே தண்ணிதான் ஐயா. மாறினது கால். நேற்று அளந்தது இவரின்ரை காவடியை.”

“அப்ப அந்தக் கிணறு?”

“அதுக்கு இன்னொண்டையும் பாப்பம்.” அதே சட்டியைக் கழுவி, பொன்னம்பலத்தாரின் கிணற்றுத் தண்ணீரை அதே அளவுக்கு ஊற்றினார். பென்சிலால் விளிம்பில் தட்டினார். டொக், டொக். நான் உயிரைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கு மிதித்தேன். முள் கந்தையா அண்ணையின் தண்ணீருக்கு நின்ற இடத்தைத் தாண்டி, இன்னும் இரண்டு கோடு மேலே போய் நின்றது.

பொன்னம்பலத்தார் குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தார்.

“என்ன பிள்ளை, இவ்வளவு காலமும் நாங்கள் சவரே குடிச்சனாங்கள்?”

“கொஞ்சம். குடிச்சு நல்லாத்தானே இருக்கிறியள்.”

மனிசன் கனநேரம் கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மலகூடத்தைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். கடைசியில், “அப்ப பொடியன் சண்டிலிப்பாயிலேயே இருக்கட்டும். நானும் இடைக்கிடை போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்” என்றார்.

கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பந்தியில் என் இலைக்கு முன்னால் வந்து, மணப்பெண் சிவமலரே ஒரு பேணி தண்ணீர் வைத்தாள். “எப்பிடித் தண்ணி, சேர்?” என்றாள். பந்தி முழுவதும் சிரித்தது. தவில்காரரும் சிரித்தார்கள். நான் பேணியைக் காலியாக்கினேன்.

அன்றிலிருந்து மிஸ் எங்கே போனாலும் ஒரே தண்ணீர் அடைத்த போத்தல் ஒன்றைக் கொண்டுபோவார். ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் அந்தப் போத்தல் தண்ணீரை அளந்து, என் கால் அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிணற்றை அளப்பார். உப்பு இறங்கியதா? சில கிணறுகளில் இறங்கியது, சிலவற்றில் இல்லை, ஏன் என்று இன்னும் பார்க்கவேண்டும் என்றார். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் ஊரைவிட்டு நடந்தபோது, மிஸ்ஸின் சைக்கிளில் உடுப்புப் பெட்டி இல்லை. கொப்பிகள் இருந்தன. நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

பல வருடம் கழித்து அவருடைய ஆராய்ச்சி புத்தகமாகித் தபாலில் வந்தது. எனக்கு ஆங்கிலம் ஓடாது. மகள்தான் வாசித்தாள். பிழைகள் என்ற அதிகாரத்துக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். மிதிப்பவரின் உற்சாகத்தால் வரும் பிழை, குறிப்பாகக் கோயில் திருவிழாக் காலங்களில், என்று அங்கே அச்சில் இருக்கிறதாம். அதைக் கண்டுபிடித்தவர் என்று சிவமலரின் பெயரும் இருக்கிறதாம். அதைக் கழிக்கும் வழியும் அங்கே இருக்கிறதாம்.

வீட்டில் அதற்குப் பெயர் தவில் பிழை. நான் கப்பலில் வந்த கதையைச் சொல்லி, அலை பனை உயரம் என்றால், “தவில் பிழையைக் கழியுங்கோ அப்பா” என்பாள் மகள். மீன்காரனிடம் என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். அவனுக்கும் பழகிவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

“எல்லாம் சரி. ஆனா ‘சேர்’ எண்டு மூண்டு தரமே கூப்பிட்டவர்?”

“ஓம்.”

சுளகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “ஒண்டு எண்டு எழுதுங்கோ.”